இரண்டு பட்டியலில் ஒரு பெயர்

என் மகனுக்குப் பதினெட்டு வயது முடிந்த மாதத்தில்தான் கொழும்பில் ஒரு சொந்த வீடு வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் ஏழு வருடங்கள் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்புறத்து அனெக்ஸில், ஒன்றரை அறையில், வாடகைக்கு இருந்தோம். இடம் போதவில்லை என்று மனைவி சொல்லாத நாளில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஐந்து அறை வீடு இருந்தது. மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுப்போனது. அப்படி ஒரு வீடு இருந்தும் இல்லாமல் போனவனுக்கு ஒன்றரை அறை என்ன, இரண்டரை அறை என்ன.

பொலிஸ் பதிவுதான் என்னை அசைத்தது. அந்த நாட்களில் கொழும்பில் இருந்த ஒவ்வொரு தமிழ் வீடும் தன் வீட்டில் இருப்பவர்களின் பட்டியலைப் பொலிசில் கொடுக்க வேண்டும். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், பிறந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம், வீட்டுக்காரருக்கு என்ன முறை. முத்திரை குத்திய பிரதி ஒன்றைத் திருப்பித் தருவார்கள். சோதனைக்கு வரும்போது அதைக் காட்ட வேண்டும். அதில் பெயர் இல்லாதவர் பொலிஸ் வண்டியில் ஏற வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வைக்கவேண்டும்.

எங்கள் வீட்டுக்கார அம்மா நல்லவர். வெள்ளிக்கிழமைகளில் சுண்டல் அனுப்புவார். என் பெயரையும் மனைவியின் பெயரையும் ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார். மகனுக்குப் பதினெட்டு ஆனதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"குறை நினையாதேங்கோ. வளந்த பொடியன்ர பேர் இருந்தா அவங்கள் அடிக்கடி வருவாங்கள். எனக்குப் பிரஷர். பொடியனைக் கொஞ்ச நாளைக்கு வேற எங்கையும் விட ஏலாதோ?"

வேறு எங்கே விடுவது? மனைவியின் தங்கை வீட்டில்தான்.

தங்கையின் கணவர், என் சகலன், காலி வீதியில் குளியலறைச் சாமான் கடை வைத்திருந்தார். வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் பழைய வீட்டை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்த காலம். எழும்பும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் இருபது கொமட் வேண்டும், இருபது பேசின் வேண்டும், நாற்பது பைப் வேண்டும். போதாததற்கு அவருடைய மூன்று அண்ணன்மாரும் கனடாவில். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில், மூன்று அறை வீடு வாங்கியிருந்தார். பல்கணியில் நின்றால் தண்டவாளமும் அதற்கு அப்பால் கடலும் தெரியும். கடற்காற்றில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு ஒரே வருடத்தில் துருப்பிடித்துவிட்டது என்று தங்கை ஒருநாள் முறைப்பட்டபோது எனக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டானது. அதைக் கண்டு நானே வெட்கப்பட்டேன். ஆனாலும் அடுத்த தடவை போனபோது துரு எவ்வளவு பரவியிருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன்.

நான் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் படவரைஞர். மற்றவர்களின் கட்டடங்களை இருபத்திரண்டு வருடமாக வரைந்துகொண்டிருந்தேன். ஒரு சுவர் எங்கே வரவேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும், தண்ணீர்த் தாங்கியை எங்கே வைத்தால் மேல் வீட்டுக்கும் போதிய வேகம் கிடைக்கும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். சகலனுக்கு வரைபடத்தில் வடக்கு எது தெற்கு எது என்று தெரியாது. வீடு அவரிடம் இருந்தது.

மூத்தவள் என் மனைவி. முன்பெல்லாம் குடும்பத்துக் காரியம் எதுவானாலும் எங்கள் வீட்டில்தான் கூடிக் கதைப்பார்கள். அந்த நாலாம் மாடி வந்தபிறகு எல்லாம் அங்கே போய்விட்டது. ஊரிலிருந்து வெளிநாடு போக வருகிறவர்கள் அங்கே தங்கினார்கள். கனடாவிலிருந்து தொலைபேசி அங்கே வந்தது. கல்யாணப் பேச்சுக்குப் பெண் பார்க்க வந்தவர்களை அந்தப் பல்கணியில்தான் உட்கார வைத்தார்கள்.

மகனின் பெயரை அவர் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று கேட்கப் போன அன்று, நான் வசனத்தை முடிக்க முன்னரே சகலன் படிவத்தை எடுத்துவிட்டார்.

"இதுக்கு ஏன் அண்ணை இவ்வளவு பீடிகை? அவன் எங்கட பொடியன்தானே."

சிங்களத்தில் மளமளவென்று எழுதினார். கடைக்காரர், கைவந்த சிங்களம். 'முறை' என்ற பத்தியில் 'புத்தா' என்று எழுதினார். மகன். எங்கள் முறையில் அது பிழையில்லை. மனைவியின் அக்காவின் பிள்ளை பெறாமகன், கிட்டத்தட்ட மகன்தான். அவர் யோசிக்கவே இல்லை. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அரசாங்க உத்தியோகத்துக்காகப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவன். அந்தச் சொல்லை வாசித்தேன். 'பெறாமகன் என்று விளக்கமாக எழுதும்' என்று சொல்ல நாக்கு எழும்பியது. உதவி கேட்டு வந்தவன் அவர் எழுதியதைத் திருத்துவதா என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. என் மகனை ஒரு காகிதத்தில் மகன் என்று எழுத எனக்கு ஒரு வாசல் இல்லை. அவருக்கு இருந்தது.

மகன் இரவில் படுக்க அங்கே போகத் தொடங்கினான். அந்த வாரமே புரோக்கரைப் பிடித்தேன்.

வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே ஒரு தேநீர்க்கடையில் இருப்பார். வெய்யிலோ மழையோ கையில் குடை. முதல் கேள்வியே இதுதான்:

"மாஸ்டர், வெளியில ஆர் இருக்கினம்?"

படம் வரைகிறவன் என்று சொன்னதில் என்னைப் படிப்பிக்கிறவர் ஆக்கிவிட்டார். வெளியில் என்றால் வெளிநாட்டில். கனடாவா, லண்டனா, சுவிஸா, எத்தனை பேர் என்பதைக் கேட்டுத்தான் எந்த ஒழுங்கை, எத்தனையாம் மாடி என்று அவர் முடிவு செய்வார்.

"எனக்கு வெளியில ஒருத்தருமில்லை."

"மனிசி பக்கம்?"

"மனிசி பக்கமும் இல்லை. மனிசின்ர தங்கச்சின்ர மனிசன் பக்கம் மூண்டு பேர் கனடா."

"அது உங்களுக்கு உதவாது" என்றார். குறிப்புப் புத்தகத்தில் பின்பக்கம் புரட்டினார். "அப்ப காலி றோட்டை மறந்திடுங்கோ. கிருலப்பனை, மாளிகாவத்தை, கொட்டாஞ்சேனை. ஞாயிற்றுக்கிழமை ஒம்பதுக்கு வாங்கோ. மனிசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் ஓம் எண்டா அவ வேண்டாம் எண்டுவா, நான் ரெண்டாந்தரம் நடக்க ஏலாது."

ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கிருலப்பனையில் கால்வாய் ஓரமாக ஒரு வீடு. மழைக்குத் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சுவரில் கோடு இருந்தது. புரோக்கர் அந்தக் கோட்டை மறைத்துக்கொண்டு நின்றார். மாளிகாவத்தையில் மாடி வீடொன்று. விற்க இருந்த முஸ்லிம் அம்மா எங்களை இருத்தி, பால் விடாத பிளேன்ரியும் கொடுத்து, பிறகு உண்மையைச் சொன்னார்: "வீட்டு உறுதிப்பத்திரம் இன்னம் எங்க பேருக்கு வரல்ல. நீங்க புள்ளகுட்டிக்காரங்க, பொய் சொல்ல ஏலா." எழும்பி வரும்போது அந்த வீட்டை வாங்க முடியாமல் போனதற்கு எனக்குக் கவலையாக இருந்தது.

இதற்குள் விஷயம் சகலனுக்குப் போய்விட்டது. ஒருநாள் மாலை கடைச் சாமான் வண்டியிலேயே வந்து இறங்கினார்.

"அண்ணை, ஏன் உந்தப் புரோக்கரோட அலையிறீங்கள்? எனக்கு நுகேகொடையில ஒராள் இருக்கிறார். சிங்களவர், என்ர கடையில சாமான் எடுக்கிறவர். கிணறு இருக்கு, பின்னுக்குப் பலா நிக்குது, எட்டுப் பேர்ச் காணி. நான் கேட்டா விலை குறைப்பார்."

போய்ப் பார்த்தோம். இதுவரை நான் பார்த்ததில் அதுதான் மிக நல்ல வீடு. சுவரெல்லாம் நேர். காற்று கிழக்கே புகுந்து மேற்கே போனது. பஸ்ஸில் ஏறினால் மகனின் பள்ளிக்கூடத்துக்கு அதிக நேரமில்லை. அந்த ஒழுங்கையில் வேறு தமிழ் வீடு இல்லை. மனைவி, மகனைத் தம்பி என்றே கூப்பிடுகிறவள், திரும்பி வரும் வழியில் கேட்டாள்:

"வீட்டு முத்தத்தில நிண்டு தம்பியைத் தமிழில கூப்பிடப் பயமா இருக்காதே?"

"பயமாத்தான் இருக்கும்" என்றேன்.

அவளுடைய பயம் உண்மையானது. என்னுடையது சாட்டு. வேறு விதமாகச் சொன்னால், அந்த வீட்டைச் சகலன் கண்டுபிடிக்காமல் நான் கண்டுபிடித்திருந்தால், அவளுடைய பயத்தை இரண்டு நாளில் கதைத்துத் தீர்த்திருப்பேன். அவர் விலை குறைத்து வாங்கித்தந்த வீட்டில் காலம் முழுக்க நான் எப்படி இருப்பது? சகலனிடம், "உம்மட அக்காவுக்குப் பயம்" என்று சொன்னேன். அவர், "ஓம், அதுவும் சரிதான் அண்ணை" என்றார்.

கொட்டாஞ்சேனை வீட்டை நானே கண்டேன். பத்திரிகையில் மூன்று வரி. இறக்கமான ஒழுங்கை, பழைய இரண்டு மாடி வீடு, மேல் மாடி மட்டும் விற்பனைக்கு. மேல் மாடிக்குத் தனி வாசல், தனிப் படி, தனி உறுதி. வரைபடத்தை வாங்கி ஒரு கிழமை அலுவலகத்தில் வைத்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. கீழ் வீட்டில் விற்பவரே இருந்தார், தலை நரைத்த ஒரு ஹாஜியார். மகளுக்காகக் கட்டிய மேல் மாடியாம். மகள் தெகிவளைக்குப் போய்விட்டார்.

"நான் ஸ்டோருக்குக் குடுக்க மாட்டன்" என்றார். "மேல சாக்கு உருட்டுற சத்தம் கேட்டா எனக்குத் தூக்கம் வராது. புள்ளைங்க நடக்கிற சத்தம் கேட்டா வரும். ஒங்களுக்கு எத்தின புள்ள?"

"ஒருத்தன்தான்."

"ஒருத்தன் எண்டாலும் நடப்பான்தானே" என்று சிரித்தார்.

இரண்டு சின்ன அறை, புகை படிந்த சமையலறை, கூரைக்கு அஸ்பெஸ்டாஸ். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலை தெரியும். கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றுக்கொன்று போட்டியாக அடிக்கும். மகனின் பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் இரண்டு பஸ் மாறவேண்டும். இடையில் நாலு சோதனைச்சாவடி. அதை நான் கணக்கில் எடுக்காமல் இல்லை. எடுத்து, ஒரு பக்கத்தில் வைத்தேன். மனைவியின் தாலிக்கொடி தவிர்ந்த நகையும் அலுவலகக் கடனும் சேர்ந்து வீடு எங்களுடையதானது.

பால் காய்ச்சிய அன்று காலை ஒரு லொறி ஒழுங்கையில் இறங்க முடியாமல் மேலேயே நின்றது. இரண்டு பேர் ஒரு பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள். சகலனின் அன்பளிப்பு. இளநீல நிறத்தில், இத்தாலியச் சாமான், கை கழுவும் பேசின். அதைப் பூட்ட ஆளையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். பால் பொங்க முன்னர் அதைப் பூட்டிவிட்டார்கள். அன்று வந்தவர்கள் எல்லோரும் கை கழுவப் போய், "ஆ, வடிவான பேசின்!" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார்கள். நான் ஒரு வருடம் அலைந்து வாங்கிய வீட்டில் வந்தவர்கள் புகழ்ந்தது அந்த ஒன்றைத்தான். சகலன் கடைசியாக வந்தார். படியேறி மூச்சு வாங்கி, ஜன்னலருகே நின்று, "நல்ல இடம் அண்ணை. படிதான் கொஞ்சம் செங்குத்து" என்றார்.

சாதாரண வார்த்தை. படி செங்குத்துத்தான். ஆனால் அதைக் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதம் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

வந்து இரண்டாம் நாளே பொலிஸ் பதிவுக்குப் படிவம் நிரப்பினேன். சிங்களத்தில், என் கையால், படவரைஞனின் எழுத்தில். வீட்டுச் சொந்தக்காரர்: நான். அதன் கீழ் மனைவி. அதன் கீழ் மகன், 'புத்தா'. முத்திரை குத்திய பிரதியைப் போட்டோகொப்பி எடுத்து, பொலித்தீன் உறையில் போட்டு, மகனின் பேர்சில் வைத்தேன்.

"எங்க போனாலும் இது இருக்கோணும். விளங்கிச்சோ?"

"சித்தப்பாட லிஸ்டிலயும் என்ர பேர் இருக்குத்தானே அப்பா" என்றான் அவன். "அது அப்பிடியே இருக்கலாமோ?"

மனைவியும் கேட்டாள். ஒரு முறை அல்ல. "இஞ்சருங்கோ, அங்க வெட்டச் சொல்லுங்கோவன். ரெண்டிடத்தில பேர் இருந்தா ஏதும் பிழை வராதே?"

"சொல்லுறன்" என்றேன்.

வெட்டவேண்டுமானால் சகலன்தான் போய் வெட்டவேண்டும். அதற்கு நான் போய் அவரிடம் கேட்கவேண்டும். அந்தப் பல்கணியில் இருந்து, அவர் தரும் தேநீரைக் குடித்து, இன்னும் ஒரு உதவி. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். ரியூசன் பிந்தி முடியும் நாட்களில் மகன் வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டிலேயே படுத்துவிட்டு வருவான். அதையும் நான் தடுக்கவில்லை. தூரத்தில் வீடு வாங்கியவன் நான்தானே.

ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்குக் கீழ் வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஹாஜியார் படியில் நின்று கூப்பிட்டார். மறுமுனையில் மனைவியின் தங்கை.

"அத்தான், விடிய பொலிஸ்காரர் எங்கட லேனைச் சுத்தி நிண்டவங்கள். தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். இவரும் பின்னால போயிட்டார். நீங்கள் வாங்கோ, கெதியா வாங்கோ."

என்ன நடந்தது என்று பஸ்ஸில் போகும்போது எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது. வீடு வீடாகப் பட்டியலைக் கேட்டிருக்கிறார்கள். சகலன் கொடுத்தார். மகனின் பெயர் அதில் இருந்தது. சரி என்று அடுத்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்போது ஒருவர் அடையாள அட்டையைக் கேட்க, அவன் பேர்சைத் திறந்தான். அட்டையோடு நான் வைத்த பிரதி வெளியே வந்தது. அதில் அதே பெயர், அதே இலக்கம், கொட்டாஞ்சேனை விலாசம், வேறொருவரின் மகன். நான் அந்தப் பிரதியை அவன் பேர்சில் வைத்திராவிட்டால் அவன் அன்று காலை பாண் சாப்பிட்டுவிட்டு ரியூசனுக்குப் போயிருப்பான்.

பொலிஸ் நிலையத்துக்கு வெளியே மதில் ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பெற்றோர் நின்றார்கள். சகலன் சாரத்துடனே வந்திருந்தார். மேலே கடை ஷேர்ட். என்னைக் கண்டதும், "அடிக்கேல்ல அண்ணை. நான் கேட்டனான். அடிக்கேல்ல" என்றார். அதுதான் முதல் வார்த்தை. பதினொரு மணிக்கு எங்கேயோ போய் இரண்டு பணிஸ் வாங்கி வந்தார்.

"சாப்பிடுங்கோ."

"வேண்டாம்."

"சாப்பிடுங்கோ அண்ணை. நீங்கள் மயங்கி விழுந்தா நான் ஒரு நாளில ரெண்டு பேரைத் தூக்க ஏலாது."

நான் சாப்பிட்டேன். அந்த நேரத்திலும், பொலிஸ்காரரோடு சிரித்துக் கதைக்க அவருக்கு வருகிறது, எனக்கு வரவில்லை என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. மகன் உள்ளே இருக்கிறான். நான் வெளியே நின்று சகலனின் சிங்கள உச்சரிப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மனித மனம் அப்படியும் இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மூன்று மணிபோல எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். நடுத்தர வயது அதிகாரி. கண்கள் நித்திரை இல்லாமல் சிவந்திருந்தன. மேசையில் இரண்டு பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மகன் சுவரோரம் ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான், எழும்பலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி எழும்பி இருந்தான்.

அதிகாரி பேனாவால் இரண்டு 'புத்தா'வையும் தட்டினார்.

"மே தென்னாகென் கவுத தாத்தா?"

இந்த இரண்டு பேரில் தகப்பன் யார் என்று கேட்டார். சகலன் ஒரு அடி பின்னுக்கு நின்றார்.

"மம" என்றேன். நான்.

அப்படியானால் இவர் ஏன் மகன் என்று எழுதினார் என்று கேட்டார். எங்கள் வழக்கத்தில் மனைவியின் சகோதரியின் பிள்ளையையும் மகன் என்போம் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். அது அவருக்கு விளங்கியது. அவர்கள் வழக்கமும் அதுதான். ஆனால் காகிதத்துக்கு விளங்காது என்றார். பையன் ஒரு வீட்டில்தான் இருக்கமுடியும். எந்த வீடு? கொட்டாஞ்சேனை என்றால் வெள்ளவத்தைப் பட்டியல் பொய். பொய்ப் பட்டியல் கொடுத்ததற்கு இந்த ஐயாவை விசாரிக்கவேண்டும், இன்று போக முடியாது. வெள்ளவத்தை என்றால், தகப்பன் தெரியாமல் தன் பட்டியலில் சேர்த்துவிட்டார் என்று அந்தப் பெயரை வெட்டி ஒப்பமிடலாம்; பையன் இப்போதே போகலாம். ஒன்று சொல்.

பதில் சொல்ல ஒரு நிமிடமும் தேவையில்லை. எந்த மடையனுக்கும் தெரியும். நான் சொல்லவில்லை.

இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆனது. அந்த ஒரு மூச்சு நேரம், 'கொட்டாஞ்சேனை' என்று சொன்னால் என்ன என்று நினைத்தேன். அவன் என் வீட்டில்தான் இருக்கிறான், அது உண்மைதானே. உண்மையைச் சொன்னால் சகலன் ஒரு இரவு, இரண்டு இரவு இங்கே இருப்பார். கனடாவும் கடையும் கடல் தெரியும் பல்கணியும் உள்ளவர் அந்த வாங்கில் இருப்பார். பெயர் என் பட்டியலில் வெட்டுப்படாமல் இருக்கும். பணிஸ் வாங்கித் தந்த கை என் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நினைத்தேன்.

மகன் இருமினான்.

"வெள்ளவத்தை" என்றேன்.

அதிகாரி என் பட்டியலை என் பக்கம் தள்ளி, ஒரு அடிமட்டமும் தந்தார். நேராகக் கோடு போடு என்று சொல்லத் தேவையில்லை, என் தொழிலே அது. அன்றைக்குப் போட்ட கோடு வளைந்திருந்தது. பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.

முச்சக்கர வண்டியில் மகனை நடுவில் இருத்திக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். ஒழுங்கை முனையில் இறங்கியபோது, மகன் முன்னால் நடக்க, சகலன் மெதுவாகச் சொன்னார்:

"நீங்கள் உடன சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன் அண்ணை."

"சிங்களம் வாயில வரேல்ல" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஓம் ஓம்" என்றார். "அந்த நேரத்தில எனக்குத் தமிழே வராது."

அவருக்கு விளங்கியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் முடியாது.

காகிதம் சொன்னபடி நடக்கவேண்டியதாயிற்று. கொட்டாஞ்சேனையில் சோதனை வந்தால் மகன் அங்கே இருக்கக்கூடாத ஆள். பரீட்சை முடியும்வரை அவன் சித்தப்பா வீட்டில் என்று முடிவானது. ஹாஜியாரின் வண்டியில் மெத்தையையும் புத்தகங்களையும் நானே கொண்டுபோய் இறக்கினேன். ஒன்றுமே நடக்காததுபோல் சகலன் மாடிவரை புத்தகப் பெட்டியைத் தூக்கினார். அன்று லிப்ட் வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி சமைத்துத் தருவதை எடுத்துக்கொண்டு போவேன். முதல் ஞாயிறு அந்தப் பொதியைத் தங்கை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள்.

"அத்தான், இவன் இஞ்ச பாவக்காய் சாப்பிடுறான் தெரியுமோ? அக்கா சொன்னா, வீட்டில தொடமாட்டான் எண்டு."

எங்கள் வீட்டில் பாகற்காய் வாசனை வந்தாலே அவன் பட்டினி கிடப்பான். எனக்கு வாயெல்லாம் கசந்தது. மகன் அறையிலிருந்து வந்தான். நான் நிற்பதைக் கண்டு ஒரு கதிரையை இழுத்து, "இருங்கோ அப்பா" என்றான். தண்ணீர் கொண்டுவந்து தந்தான், கோப்பைக்குக் கீழே ஒரு தட்டு வைத்து. அந்த வீட்டில் விருந்தாளிகளுக்கு அப்படித்தான் கொடுப்பார்கள், அவன் பழகிவிட்டான். அன்றைக்குப் பிறகு அவன் மெலிந்திருந்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கழுத்து திரும்பும். சிரித்து நான் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து ஏதும் வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், எல்லாம் இங்கே இருக்கிறது என்றான்.

போகும்போது லிப்ட் வரை வந்தான். "வீட்டை போன உடன கோல் எடுங்கோ" என்றான்.

இரண்டு பஸ், நாலு சாவடி. கொட்டாஞ்சேனையில் இறங்க மழை பிடித்துக்கொண்டது. ஹாஜியார் வீட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன். சகலன்தான் எடுத்தார்.

"வந்து சேந்திட்டீங்களோ? நல்லது. தம்பி படிச்சுக்கொண்டிருக்கிறான் அண்ணை. கூப்பிடவோ?"

பின்னால் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஆட்டமிழந்துவிட்டார் போல, கூட்டம் இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் என் மகன் சிரிக்கிற சத்தம் கேட்டது. வாய்விட்டு, பழையபடி, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தான்.

"வேண்டாம்" என்றேன். "படிக்கட்டும்."